பதினெட்டு எண்ணும் வரை

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அந்தச் சனிக்கிழமை காலையில் இரண்டு காதும் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தன.

காரணம், கம்ப்யூட்டர் மேல் அண்ணன் ஒட்டியிருந்த சீட்டு. 'வாலு இதைத் தொடக் கூடாது.'

வாலு என்பது நான்தான்.

ஒரு வாரமாக எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்றுபோனது. திரை நீலமாகும். செய்த வேலை காணாமல் போகும். வகுப்பு இதழுக்காக நான் வரைந்த படக்கதையில் நான்கு பக்கங்கள் அப்படித்தான் போயின. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். இதில் பழியும் என் மேல்!

"கண்ட கண்ட படத்தையெல்லாம் வரைஞ்சு நீதான் கெடுத்த," என்றான் அண்ணன்.

"அது நின்னப்போ நான்..."

"பேசாத!"

"நான் சொல்றதை..."

"வாயை மூடு!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "அவன் கழற்றிப் பார்க்கட்டும். நீயும் பக்கத்துல நில்லு. யாரு கெடுத்ததுன்னு தெரிஞ்சப்புறம் கத்துங்க," என்றார்.

அண்ணன் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டினான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளே இரண்டு பட்டைகள் செருகியிருந்தன. ரேம் என்பார்கள். வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அதில்தான் நினைவு வைத்துக்கொள்ளும். பச்சைப் பட்டை பழையது. கறுப்பு, போன வாரம் அண்ணன் வாங்கிப் போட்டது.

போன வாரமா? கம்ப்யூட்டர் நிற்கத் தொடங்கியதும் போன வாரம்தானே!

என் காது கொதித்தது. ஆனால் கத்தினால் மறுபடியும் 'வாயை மூடு'தான் கிடைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பட்டைகளில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். பழையதில் 16-18-18-38. புதியதில் 18-22-22-42.

"இது என்ன நம்பர்?"

தெரிந்த விஷயத்தைக் கேட்டால் அண்ணனால் சும்மா இருக்க முடியாது. "கம்ப்யூட்டர் ஒண்ணு கேட்டா, ரேம் பதில் தர்ற வரைக்கும் எத்தனை எண்ணணும்னு கணக்கு. முதல் நம்பரைப் பாரு. சின்னதா இருந்தா வேகம். அதான் பழசோட நம்பரையே ரெண்டுக்கும் செட்டிங்ல போட்டுட்டேன்!" என்றான் பெருமையாக.

"புதுசுக்குப் பதினெட்டு வேணுமே?"

"ரெண்டுதானே வித்தியாசம்!"

"அது பதில் சொல்றதுக்குள்ள கம்ப்யூட்டர் அவசரப்பட்டா தப்பான பதில்தானே கிடைக்கும்? நீ என்கிட்ட கேக்குற மாதிரி!"

அண்ணன் பிரஷ்ஷை வைத்துவிட்டு, குனிந்து இரண்டு பட்டைகளையும் பார்த்தான்.

"சோதிச்சே பார்க்கலாம், வா," என்றேன்.

ரேம் நினைவு வைத்ததைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறதா என்று பார்க்கும் மெமரி சோதனையை ஓட்டினோம். பத்தே நிமிடத்தில் திரை முழுவதும் சிவப்பு வரிகள், வரிக்கு ஒரு தப்பு. பிறகு அண்ணன் புதியதன் எண்களை இரண்டுக்கும் போட்டு, சோதனையை மறுபடியும் ஓடவிட்டான். பழையது கொஞ்சம் காத்திருந்தால் அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். ஒரு சிவப்பு வரிகூட இல்லை.

வேலைக்குக் கிளம்பிய அம்மா எட்டிப் பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"இப்போ சொல்லு. யாரு கெடுத்தது?" என்று கேட்டேன்.

அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான். 'பேசாத!' என்று கத்த எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? கத்தவில்லை. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பத்து... பதின்மூன்று... பதினாறு...

"நான்தான்," என்றான் அண்ணன். "மன்னிச்சுக்கோ. நீ வரைஞ்சு குடு. நாலு பக்கத்துக்கும் நான் கலர் அடிச்சுத் தரேன்."

நான் சீட்டைக் கிழித்து அவன் கையில் கொடுத்தேன்.

பதினேழு! பரவாயில்லை, புது ரேமைவிட அண்ணன் ஒரு எண் வேகம்தான்.