இணைகுரல்

பணியில் அமர்ந்ததும் கணினி வழக்கமான கேள்வியைக் கேட்டது. "இந்த மாவட்டத்தில் உங்களுக்கு வேண்டியவர் யாராவது உண்டா?"

"இல்லை" என்றாள் ஹசீனா.

தூத்துக்குடியின் இணைகுரல் அவள். கடல் பொங்கினால் தீயணைப்பு, காவல், மின்வாரியம், மருத்துவமனை எல்லாம் அவள் ஒருத்தியின் சொல்லுக்குத்தான் கட்டுப்படும். அவ்வளவு அதிகாரம் உள்ளவருக்கு அந்த ஊரில் சொந்தபந்தம் இருக்கக் கூடாது என்பது சட்டம். அவள் வாணியம்பாடிக்காரி.

அன்று காலையே கடல்சுவர் உடைந்தது. திரையில் தெருக்கள் ஒவ்வொன்றாக நீலமாயின.

"மின்வாரியம், துறைமுகப் பக்கம் கரண்டை நிறுத்துங்க. போலீஸ், பாலத்துல வண்டி விடாதீங்க."

குரலில் நடுக்கமே இல்லை. மீட்புப் படகுகள்தான் இரண்டே மிச்சம். மருத்துவமனையும் கேட்டது, உப்பளத் தெருவும் கேட்டது.

உப்பளத் தெருவில் ஸ்டெல்லா இருந்தாள், கால் முறிந்து கட்டுப் போட்டபடி. ஹசீனா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவள். அதன்பின் இருவரும் பேசாத நாளில்லை. சினேகிதம் சொந்தத்தில் சேராது என்று ஹசீனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு படகும் ஆஸ்பத்திரிக்கு."

படகுத்துறையிலிருந்த தீயணைப்பு அதிகாரி அருளப்பன் தயங்கினார். "மேடம், ஆஸ்பத்திரில எல்லாரையும் மாடிக்கு ஏத்தியாச்சு. தெருவுலதான் தண்ணி இடுப்புக்கு வந்துட்டு."

அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. வேறு தெருவாக இருந்தால் முதலில் அங்கேதான் அனுப்பியிருப்பாள். வேண்டியவளுக்குச் சலுகை காட்டிவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு தெருவையே கடைசியில் தள்ளியிருக்கிறாள்.

மைக்கை இழுத்தாள். "எனக்கு வேண்டியவங்க அந்தத் தெருவுல இருக்காங்க. காலையில பொய் சொல்லிட்டேன். பொறுப்பை மாத்துங்க."

நெல்லையில் காத்திருந்த மாற்றுக்குரல் எழிலரசன் மறுகணமே பொறுப்பேற்றார். "ரெண்டு படகும் உப்பளத் தெருவுக்கு." யாரும் ஏன் என்று கேட்கவில்லை. படகுகள் திசை திரும்பின.

ஹசீனா படகுத்துறைக்கு ஓடினாள். படகு வந்து சேர்ந்ததும் ஸ்டெல்லாவை அவளே தாங்கி இறக்கினாள்.

"டூட்டியை விட்டுட்டா வந்த?"

"இனிமே அந்த வேலை கிடையாது. முதல்ல உங்க தெருவுக்குப் படகு தரமாட்டேன்னுட்டேன், ஸ்டெல்லா."

ஸ்டெல்லா அவள் பக்கம் கையை நீட்டினாள். "பெறவு பேசிக்கிடுதேன் உன்கிட்ட. இப்பத் தோளக் குடு, காலு வலிக்கி."

அவளை முகாமில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பியபோது, படகில் ஓர் ஆள் குறைகிறது என்றார் அருளப்பன். ஹசீனா மீட்பங்கியை மாட்டிக்கொண்டு ஏறினாள். காதுக்கருவியில் எழிலரசனின் குரல் ஒலித்தது. "முதல் படகு, ஆஸ்பத்திரி கிழக்கு வாசல்."

"சரிங்க சார்" என்றாள். கட்டளையிட்டே பழகிய வாய்க்கு அது எளிதாகவே வந்தது.