ஏசியில் ஏன் அனல்?

பிணம் காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது!

கழுத்தோரம் ஒரு துளை. வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. கண்கள் மட்டும் நசரத்பேட்டை ரோட்டையே வெறித்துக்கொண்டிருந்தன.

கோவிந்தன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் ஷூ செய்யும் பட்டறைக்கு முதலாளி.

பிணத்தை முதலில் பார்த்தது அவன் மைத்துனன் வேலுசாமி. அவன் போட்ட அலறலில்தான் பின்னால் வந்த லாரி நின்றது, கூட்டம் கூடியது.

அன்று மாலையே கோவிந்தனின் டிரைவர் சின்னசாமியைப் போலீஸ் தூக்கியது. முதல் நாள் முதலாளியோடு வாய்ச்சண்டை போட்டவன்.

"கத்திய எங்கடா வீசுனே?"

கேட்டுக் கேட்டு அடித்தார்கள். கத்தி கிடைக்கவில்லை. ஆனாலும் சின்னசாமி பூந்தமல்லி சப்-ஜெயிலில்!

கோவிந்தனின் மனைவி வசந்தகுமாரி அழவில்லை.

தாலியைக் கழற்றியபோதும் அழவில்லை. சின்னசாமியின் பெண்டாட்டி பஞ்சவர்ணம் வாசல் கேட்டில் தலையை மோதிக்கொண்டு, "அவுரு பண்லம்மா... சத்தியமா பண்லம்மா!" என்று கதறியபோதும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூடான காபி நாக்கைச் சுட்டது கூட அவளுக்குத் தெரியவில்லை.

கோர்ட் உத்தரவோடு கார் திரும்பி வந்தது. அதை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. ஆவடி டாக்டர் ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆனால் ஏசியில் அனல் அடிக்கிறதே!

"நீ ஏம்மா வெயில்ல அலையறே? நானே சரி பண்ணி எடுத்தாறேன்," என்றான் வேலுசாமி.

"பரவால்லண்ணா. வீட்டுல உக்காந்தாலும் ஒண்ணுதான், எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்."

அவளே முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

காட்டுப்பாக்கம். சுலைமானின் ஏசி ஷெட்.

மே மாத வெயில் தகரக் கூரையைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தது. சுலைமான் கான்டெஸா காரின் பானெட்டைத் தூக்கினான்.

"கேஸ் போயிருக்கும்பா. ரொப்பிக் குடு, போதும்!" என்றான் வேலுசாமி.

"இரு அண்ணாத்தே. அவசரப்பட்டா எப்டி?"

எஞ்சின் உறுமியது. ஏசி சுவிட்சைப் போட்டதும் 'டக்'கென்று ஒரு சத்தம்.

"கம்ப்ரசர் புடிக்குது." மீட்டரை மாட்டிப் பார்த்தான். "கேஸும் ஃபுல்லா கீது!"

"அப்ப பெல்ட்டா இருக்கும்..."

"பெல்ட்டு டைட்டு. அக்கா, இந்த பைப்ப தொட்டுப் பாரு."

வசந்தகுமாரி தொட்டாள். குழாய் வியர்த்திருந்தது. ஐஸ்!

"இங்க ஐஸு. உள்ள நெருப்பு. அப்டின்னா இன்னா? ஹீட்டர் காத்த அடைக்கிற ஃபிளாப் மூடல. எதுவோ தடுத்துகினு கீது. டேஷ்போர்ட கயட்டணும்."

"வேணாம்!"

வேலுசாமியின் குரல் சட்டென்று உயர்ந்தது.

"கழட்டுனா பழையபடி உக்காராது. விக்கிற வண்டிக்கு எதுக்கு இவ்ளோ வேல? வாம்மா, போலாம்!"

"கழட்டட்டும்ணா. எனக்கு இது தொலைஞ்சா போதும்."

சுலைமான் முன்சீட்டுக்கு எதிரே இருந்த டப்பாவைப் பிடுங்கினான். டார்ச் அடித்தான். கையை உள்ளே விட்டான்.

"த்தா பாரு... இன்னாவோ சொருகி கீது!"

வெளியே வந்தது ஒரு கந்தல் துணிச் சுருட்டு. கிரீஸ் கறை... அதோடு காய்ந்துபோன பழுப்புக் கறை!

சுலைமானின் முகம் வெளுத்தது.

"தொடாத! கீழ வை!" வேலுசாமி கத்தினான். "அந்த ட்ரைவர் நாயிதான் ஒளிச்சு வச்சிருக்கான்! ஸ்க்ரூடிரைவர்ல அவன் கைரேக இருக்கும்!"

வசந்தகுமாரி சுருட்டைப் பார்த்தாள்.

சுருட்டை யாரும் இன்னும் பிரிக்கவே இல்லை!

மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"போலீஸ் கத்தின்னுதானேண்ணா சொன்னாங்க?"

வேலுசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அது... வந்து... ஒரு ஊகந்தான்..."

சுலைமான் துணியின் ஒரு முனையை மட்டும் நகத்தால் விலக்கினான்.

மஞ்சள் பிளாஸ்டிக் பிடி. நீளமான ஸ்க்ரூடிரைவர்!

வேலுசாமி பாய்ந்தான். சுலைமான் சுருட்டோடு பின்னால் துள்ளி, பெரிய ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

"கிட்ட வந்தே... மவனே, மண்ட பொளந்துடும்!"

"ஏண்ணா?" வசந்தகுமாரியின் குரலில் கோபம் இல்லை. அழுகை இல்லை. மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டாள்.

வேலுசாமி அப்படியே தரையில் சரிந்தான்.

"டூப்ளிகேட் சரக்க அவரு பட்டற பேர்ல வித்தேன், வசந்தா. பிரேக் புடிக்காம ஒரு வேன் கவுந்துடுச்சு. மாப்ள மோப்பம் புடிச்சிட்டாரு. போலீஸ்க்குப் போறேன்னாரு... கால்ல விழுந்தேன், கேக்கல. லாரி வர்ற சத்தம் கேட்டுது. கையில அது... எங்க போடறதுன்னே தெரில, டேஷ்போர்டு அடிச் சந்துல சொருகிட்டேன்..."

"காரியத்துல எம் பக்கத்துலயே நின்னியே..."

அவ்வளவுதான் கேட்டாள்.

அவள் வெளியே நடந்தாள். பின்னால் சுலைமான் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, ஸ்பேனரோடு காவல் நின்றான்.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் நம்பரைச் சுழற்றினாள்.

"சார்... என் புருஷனக் கொன்னது சின்னசாமி இல்ல. அவர விட்டுடுங்க. கொன்னது என் கூடப் பொறந்தவன். காட்டுப்பாக்கத்துல இருக்கான்."

ரிசீவரை வைத்தபோதுதான் கன்னம் ஈரமாக இருப்பதை உணர்ந்தாள். துடைத்துப் பார்த்தாள். வியர்வை இல்லை.

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கி, ஷட்டரைத் தூக்கினார். உள்ளே தொப்பலாக நனைந்த சட்டையோடு வேலுசாமி!

அணைக்க மறந்த எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுலைமான் காருக்குள் கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஏசி ஜில்லுனு ஆயிடுச்சி, சார்! இந்தாளுக்குத்தான் நிக்காம வேர்த்து ஊத்துது... அந்த ரிப்பேரு உங்க டிபார்ட்மென்டு!"