கெல்லர் அம்மாளின் சாரை

உமாபதி வீட்டாரிடம் ஒப்படைத்த பொருள் குன்றிமணி அளவுகூடக் குறையாமல் திரும்பிப் போகும். திருநெல்வேலியில் அது ஊரறிந்த செய்தி. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில், அது யாருக்குத் தெரியும்? அதனாலேயே இங்கே இன்னும் கவனமாக நடக்க வேண்டும் என்பார் உமாபதி. அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உலோகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் அவர்.

அப்படிப்பட்ட குடும்பத்திடம் ஒரு பாம்பு அடைக்கலமாக வந்து சேர்ந்தது.

கீழ்வீட்டுக் கெல்லர் அம்மாள் தனியாக வாழ்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று, அக்டோபர் மாதம், ஒரு நாள் காலையில் வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கிப் போகும்போது உமாபதியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஜெர்மன் மொழியில் மளமளவென்று என்னவோ சொன்னார். "லீசல்" என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது. லீசல் அவர் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்த பாம்பு. நம் ஊர்ச் சாரைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். நீளமாக, பழுப்பாக இருக்கும். விஷம் கிடையாது.

மற்றது எதுவும் உமாபதிக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. "யா, யா" என்று தலையாட்டினார். கடைசியாக அந்த அம்மாள் "கெல்லர், கெல்லர்" என்று இரண்டு முறை சொன்னார். ஆம்புலன்ஸின் கதவு மூடிக்கொண்டது.

"வலியில தன் பேரையே சொல்லிக்கிட்டுப் போறாங்க, பாவம்" என்றார் உமாபதி.

அவர் மகள் கண்மணிக்குப் பத்து வயது. மாடிப்படியில் நின்றிருந்ததால் அவளுக்கும் பாதிதான் கேட்டது.

"வேற என்னவோ நிறையச் சொன்னாங்களேப்பா?"

"லீசலைப் பாத்துக்கோங்கன்னு சொன்னாங்க. பாத்துக்குவோம். வாக்குக் குடுத்தாச்சு."

கண்ணாடிப் பெட்டி மாடிக்கு வந்தது. கண்மணியின் அம்மா பாமாவுக்குக் குளிர் என்றாலே ஆகாது. பெட்டியை ஹீட்டரை ஒட்டி வைத்து, மேலே தன் கம்பளிச் சால்வையைப் போர்த்திவிட்டார்.

லீசல் சாப்பிடவில்லை.

பாமா கிண்ணத்தில் பால் வைத்தார். லீசல் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பாம்பு பால் குடிக்காதும்மா. எலிதான் தின்னும்" என்றாள் கண்மணி.

 முட்டைகூட வாசல் தாண்டாத சைவக் குடும்பம் அது. ஆனால் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே. மறுநாள் உமாபதி கோட்டும் டையும் அணிந்து, தலை நிமிர்ந்து கடைக்குப் போய், ஒரு வெள்ளெலி வாங்கி வந்தார். பெட்டிக்குள் விட்டுவிட்டுத் தலைக்குக் குளித்தார்.

எலி கொஞ்ச நேரம் நடுங்கியது. பிறகு லீசலின் முதுகில் ஏறி உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டது. லீசல் அசையவே இல்லை. கடைசியில் எலிக்கு ஒரு தனிப் பெட்டியும் தினம் ஒரு துண்டு ரொட்டியும் கிடைத்தன.

"நல்ல இடமாப் பாத்து வந்திருக்கு" என்றார் பாமா.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்பு வரவில்லை.

லீசல் நாளுக்கு நாள் மெலிந்தது. தோல் தொளதொளவென்று மடிந்தது. முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. கண்மணி பள்ளியிலிருந்து ஓடி வந்து முதலில் பெட்டியைத்தான் பார்ப்பாள். ஹீட்டருக்கு எதிர்மூலையில், ஜன்னல் பக்கத்துக் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு கிடக்கும் அது.

"அதுக்குக் குளிருதுடீ" என்று பாமா பெட்டியைத் திருப்பி வைப்பார். அடுத்த முறை பார்க்கும்போது லீசல் ஊர்ந்து ஊர்ந்து மறுபடியும் ஜன்னல் பக்கம் போயிருக்கும். எங்கிருந்து அதற்கு அந்தத் தெம்பு வந்ததோ.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். கெல்லர் அம்மாள் படுத்தபடியே, "லீசல் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்பார்.

"நன்றாக இருக்கிறாள்" என்பார் உமாபதி. கண்மணி தரையைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிறன்று வெளியே வந்ததும் அவள் நின்றுவிட்டாள். "அப்பா, நெசத்தைச் சொல்லி என்ன செய்யணும்னு கேப்போம்."

"எலும்பு முறிஞ்சு படுத்திருக்கிறவங்ககிட்ட போயி, உங்க பாம்பு சாகக் கெடக்குன்னு சொல்லச் சொல்றியா?" அவர் குரல் உடைந்திருந்தது. "நம்பிக் குடுத்தது நம்ம வீட்டுல செத்துச்சுன்னு ஆயிட்டா, நான் எந்த மொகத்தோட இந்த ஊருல நடமாடுவேன்?"

 கண்மணிக்கு அப்பாவின் முகத்தைவிட லீசலின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அது செத்துவிடும். அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

நவம்பர் பாதி கழிந்தது. ஒரு மாலை பாமா கூடையை நீட்டினார்.

"கெல்லர்ல போயி நாலு உருளைக்கிழங்கு எடுத்துட்டு வாட்டீ."

கட்டடத்துக்கு அடியில் எல்லா வீட்டுக்கும் ஒவ்வொரு நிலவறை உண்டு. ஜெர்மன் மொழியில் அதற்குக் கெல்லர் என்று பெயர். எல்லாரும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தார்கள்.

கண்மணி பாதிப் படி இறங்கிவிட்டு நின்றாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு வெறுங்கூடையோடு மேலே ஓடி வந்தாள்.

"அப்பா, அந்த அம்மா தன் பேரைச் சொல்லலை. கெல்லருக்குக் கொண்டு போகச் சொல்லியிருக்காங்க. லீசலுக்குச் சூடு வேண்டாம்ப்பா. அது ஜன்னல் பக்கமே போயிக்கிட்டிருக்கு, நாமதான் திருப்பித் திருப்பி வைக்கோம்."

"பனி பெய்யுற காலத்துல நெலவறையிலயா? நல்லாயிருக்கு" என்றார் பாமா.

உமாபதி, கெல்லர் அம்மாள் விட்டுப்போன சாவிக்கொத்தை எடுத்தார். மூவரும் இறங்கிப் போய் அவருடைய நிலவறையைத் திறந்தார்கள். உள்ளே காற்று ஈரமாகச் சில்லிட்டது. தரையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. மூடியில் வரிசையாகத் துளைகள். உள்ளே காய்ந்த இலைச்சருகு நிறைந்திருந்தது. மூலையில் ஒரு தண்ணீர்க் கிண்ணம், காலியாக.

கண்மணி கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள்.

முதலில் ஹீட்டர் இல்லாத அறையில் சில நாள், பிறகு படிக்கட்டடியில் சில நாள், அதன் பிறகு நிலவறை என்று அவளே முறை வகுத்தாள். ஒரேயடியாகக் குளிரில் போடுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. சருகுக்குள் விட்டதும் லீசல் மெல்ல நுழைந்து மறைந்தது.

ஆனால் அதன் பிறகு வந்த நாட்கள் முன்பைவிட மோசமாக இருந்தன. லீசல் கயிற்றுத்துண்டு போலக் கிடந்தது. தொட்டால் இரும்பின் குளிர்ச்சி.

"நாமளே கொன்னுட்டோம்" என்றார் உமாபதி. கிறிஸ்துமஸ் விளக்குகள் தெருவெல்லாம் எரிந்தன. அவர் மட்டும் இருட்டு முகத்தோடு நடந்தார். ஒரு நாள் தாங்க முடியாமல் பெட்டியைத் தூக்கப் போனார்.

கண்மணி மூடியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "எடுக்காதீங்கப்பா."

"உயிர் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

ஜனவரியில் கெல்லர் அம்மாள் கைத்தடியோடு வந்து இறங்கினார். தன் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. ஒவ்வொரு படியாக நேரே நிலவறைக்கு இறங்கினார். பின்னால் உமாபதி, தண்டனை கேட்கப் போகிறவரைப் போல நிமிர்ந்து நடந்தார். கண்மணி கடைசியாக வந்தாள். 

கெல்லர் அம்மாள் சருகை விலக்கி, லீசலின் கழுத்தடியில் விரலை வைத்தார். வைத்தபடியே இருந்தார். 

மிக மெதுவாக, நூல் போன்ற ஒரு நாக்கு வெளியே வந்து உள்ளே போனது.

"ஆழ்ந்த தூக்கம்" என்றார் கெல்லர் அம்மாள். "வசந்தத்தில்தான் எழுந்திருப்பாள். அதுவரை இவளுக்கு உணவு வேண்டாம். சூட்டில் விழித்திருந்தால்தான் உடம்பு கரையும். மெலிந்திருக்கிறாள், ஆனால் தேறிவிடுவாள். நான் சொன்னபடியே செய்திருக்கிறீர்கள், நன்றி."

 "நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை, அம்மா" என்றார் உமாபதி. "புரிந்துகொண்டது என் மகள்."

கெல்லர் அம்மாள் சருகை மூடிவிட்டு, அந்தக் கையாலேயே கண்மணியின் தலையைத் தொட்டார்.

மாடிக்கு வந்ததும் கண்மணி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலணியைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே மேசைமீது சாய்ந்து தூங்கிப்போனாள். பாமா சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினார். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. யாரும் அவளை எழுப்பவில்லை.