ஒன்பதாவது கன்று

கன்று வாடியதும் நான் முதலில் ஒட்டடைக்குச்சியைத்தான் திட்டினேன்.

அவனுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்த உயரத்துக்கும் ஒல்லிக்கும் வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்கள் வகுப்பில் தண்ணீர் ஊற்றுவது அவன் பொறுப்பு.

பள்ளிக்குப் பின்னால் பழைய பட்டறையை இடித்த இடம் வெறும் புழுதியாகக் கிடந்தது. தெருவுக்கு நிழல் வரட்டும் என்று அங்கே பன்னிரண்டு கன்றுகள் நட்டோம். ஒன்பதாவது என்னுடையது. போன வருடம் இறந்துபோன என் அப்பாவுக்காக நட்டேன்.

"நீ தண்ணியே ஊத்தல! அதான் இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு!" எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"தினமும் ஒரு குவளை ஊத்தினேன். சத்தியமா."

"புளுகாதடா!"

அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

அறிவியல் டீச்சர் யாரையும் திட்டவில்லை. "சண்டை அப்புறம். முதல்ல மண்ணைக் கேட்டுப் பாப்போம்" என்றார்.

முதல் கன்றின் பக்கத்திலும் என் கன்றின் பக்கத்திலும் ஒரே ஆழத்தில் குழி தோண்டி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றினோம். முதல் குழி அரை மணி நேரத்தில் குடித்து முடித்தது. என் குழியிலோ, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் தண்ணீர் அப்படியே நின்றது.

அடிமண்ணை எடுத்து உருட்டினேன். உடையாமல் கயிறு மாதிரி நீண்டது. சுத்தமான களிமண்!

டீச்சர் கன்றை மெல்லப் பிடுங்கினார். வேர் கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது.

"வேருக்கும் காத்து வேணும். இது தண்ணியில மூச்சு முட்டியிருக்கு. ஆனா, ஒரு குவளைத் தண்ணிக்கா இப்படி ஆகும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தினமும் பள்ளி விட்டதும், யாருக்கும் தெரியாமல் என் கன்றுக்கு மட்டும் நான் ஒரு வாளி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பாவின் மரம்தான் முதலில் வளர வேண்டும் என்று ஆசை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் சுவரோரம் நின்றவனைப் பார்த்ததும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"டீச்சர், நான்தான் கொன்னுட்டேன். தினமும் ஒரு வாளி ஊத்தினேன். அவன் மேல தப்பே இல்ல." அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிடுடா."

ஒட்டடைக்குச்சி சுவரோரத்திலிருந்து வந்தான். மண்வெட்டியை எடுத்தான்.

"களிமண் எதுவரைக்கும் இருக்குன்னு பாக்கணும். வா."

நான்கு காலடி தூரம் வரை இருந்தது. மேல்மண்ணைக் கொத்தி, மக்கிய இலையைக் கலந்து, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினோம். அதன் உச்சியில் புதுக் கன்றை நட்டோம்.

அவன் ஒரு குவளை மொண்டு நீட்டினான். "உங்க அப்பா மரம். நீயே ஊத்து."

ஊற்றினேன். தண்ணீர் தேங்காமல் இறங்கியது. மனசு கேட்கவில்லை, இன்னொரு குவளைக்குக் கை நீட்டினேன்.

"ஏய், போதும்!" என்று அவன் வாளியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். எம்பிக் குதித்தும் எனக்கு எட்டவே இல்லை.