பேச்சித்தாயின் இடது கை

"எங்கம்மா உடம்புல இருந்து என்னென்ன எடுத்தே? ஒண்ணு விடாமச் சொல்லு."

குணவனிடம் இப்படிக் கேட்கவே கூடாது என்று செவ்வாய்க் கிரகத்தின் ஆறாம் குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே சொல்லிவைப்பார்கள். எட்டு நிமிடத்தில் புற்றுநோயைப் பெயர்த்தெடுக்கும் எந்திரம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள், அதன் இரும்பு நெற்றியில் சந்தனம் வைப்பார்கள், கும்பிட்டுவிட்டு வருவார்கள். கேள்வி கேட்பது நன்றிகெட்டத்தனம்.

மாரிச்செல்வி செருப்போடு நின்றாள்.

"ஏட்டி, வாயை மூடு," என்று பல்லைக் கடித்தார் தாய்மாமன் செல்லப்பாண்டி. "உங்கம்மைக்கு உசுரு குடுத்த சாமி இது."

"சாமின்னா செஞ்சதைச் சொல்லட்டும் மாமா. அதுல என்ன வெக்கம்?"

அவள் கோபத்துக்குக் காரணம் ஒரு கையுறை. குடியிருப்புக்கு வெளியே மூச்சுவிடத் தக்க காற்றில்லை; கையுறை கிழிந்தால் உயிர் போகும். வெளிவேலைக்குப் போகிறவர்களுக்கு அவரவர் கையை அளவெடுத்து ஒரே வார்ப்பாகக் கையுறை தருவார்கள், ஆயுளுக்கும் அதுதான். சூரியத் தகடு துடைக்கும் அம்மா பேச்சித்தாய்க்குப் புற்றுச் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் கழித்து இடது கை கனத்தது. பிறகு தோளிலிருந்து விரல்வரை பருத்தது. அழுத்தினால் குழி விழுந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. இன்று காலை, கை நுழைவதற்காகக் கையுறையின் உள்ளடுக்கைப் பிளேடால் கீறிக்கொண்டிருந்தவளை மகள் பார்த்துவிட்டாள். பிற்பகல் வேலைமுறைக்கு அதை மாட்டிக்கொண்டுதான் வெளியே போகவிருந்தாள்.

குணவன் கனிவாகப் பேசியது. "மார்புல இருந்த கட்டி. அக்குள்ல பதினாலு நிணக்கணு. மிச்ச இடத்துக்குக் கதிர்வீச்சு வெச்சேன் தாயி."

"அதுக்கும் கை வீங்குறதுக்கும் என்ன?"

"ரத்தக்குழாயில இருந்து கசியிற நீர் திரும்பிப் போக ஒரு பாதை உண்டு. கையில இருக்கிற நீர் அக்குள் கணு வழியாத்தான் போகணும். புற்றும் அந்த வழியாப் பரவும்கிறதாலதான் கணுவை எடுக்கிறது. எடுத்த இடமும் கதிர் பட்ட இடமும் தழும்பாயிட்டா, நீர் போக்கிடம் இல்லாமக் கையிலயே தங்கும். எல்லாருக்கும் வராது. வந்தா சில மாசத்துலயும் வரும், பல வருசம் கழிச்சும் வரும்."

"அப்போ புத்து திரும்பலியா?" செல்லப்பாண்டியின் குரல் இறங்கியிருந்தது.

"அதையும் பாத்துட்டுத்தான் சொல்லணும். வைத்தியத்தோட விளைவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

"சரியாகுமா?" என்றாள் மாரிச்செல்வி.

"முழுசா மாறாது. அடக்கி வைக்கலாம். இறுக்கு உறை, கட்டு, பயிற்சி, தோல்ல சின்னக் கீறலும் படாமப் பாத்துக்கிறது. கனக்க ஆரம்பிச்ச அன்னிக்கே செஞ்சிருந்தா இவ்வளவு பருத்திருக்காது."

"இதை ஏன் எங்கம்மாகிட்ட சொல்லல? படிக்காத பொம்பளைக்கு எதுக்குன்னு விட்டுட்டியா?"

"சொல்லக் கூடாதுன்னு ஆணை இருக்கு தாயி."

சுவரில் ஒரு படிவம் ஒளிர்ந்தது. மென்மறைப்பு: நோயாளிக்கு மனக்கலக்கம் தரும் எதையும் தெரிவிக்க வேண்டாம். கீழே கையெழுத்து. அதன் பக்கத்தில் அன்றைக்கு இன்னும் வாங்கியிராத பட்டம்.

மாரிச்செல்வியின் கையெழுத்து. வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் 'படிச்ச புள்ள, நீயே போடு' என்று அவளிடம்தான் நீட்டுவார்கள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது இதையும் நீட்டினார்கள். அம்மாவிடம் கொழுப்புக் கட்டி என்று சொல்லிவிட்டு, பெருமையாகவே போட்டாள்.

"புத்துன்னு சொல்ல வேண்டாம்னுதான் கேட்டேன். கையைப் பாத்துக்கன்னு சொல்லியிருக்கலாமே!"

"ஏன்னு கேப்பாங்களே தாயி. அதுக்கு நான் என்ன சொல்ல?"



தொடக்கத்தில் குணவன்களுக்கு மறைக்கத் தெரியாது. முதல் வருடம் நோயாளியின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லின. குடும்பங்கள் கொதித்துப்போயின. பிறகு, பூமியின் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் சொந்தக்காரர்கள் டாக்டரை ஓரமாக அழைத்துப் போய்க் கிசுகிசுத்த ஐம்பது வருடப் பேச்சை அவற்றுக்குப் புகட்டினார்கள். பாசம் என்றால் இதுதான் என்று குணவன்கள் படித்துக்கொண்டன. தண்ணீரைக்கூடச் சொட்டுச் சொட்டாக அளந்து கப்பலேற்றியவர்கள், இந்தப் பழக்கத்தை மட்டும் அளக்காமல் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஆணையை ரத்து பண்ணு," என்றாள் மாரிச்செல்வி.

"பண்ணிட்டேன். அவங்ககிட்ட நானே சொல்லட்டுமா? நோகாமச் சொல்லுவேன்."

"வேண்டாம். நாம நோகாமப் பேசினது போதும். உறைக்கு அளவெடுக்க ஆயத்தமா இரு, கூட்டிட்டு வாரேன்."

செல்லப்பாண்டி கதவை மறித்தார். "அக்கா தாங்க மாட்டாடி. அப்படி என்னத்தச் சொல்லப் போற?"

"நோயோட பேரைச் சொல்லப் போறேன். பொறகு அதை ஒளிச்சவ பேரை."

அவர் கை தானாக இறங்கியது. அம்மா இன்னும் வெளிவாயிலைத் தாண்டியிருக்க மாட்டாள் என்ற கணக்கோடு, மாரிச்செல்வி படியிறங்கி விறுவிறுவென்று நடந்தாள்.