பிரிண்டரில் வந்த மொட்டைக் கடிதம்

அது 1999 ஆகஸ்ட். லஸ் அருகே மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் கரோல் டீச்சர் நுழைந்தபோது, அவள் கையில் ஒரு காகிதம் நான்காக மடிந்து கசங்கியிருந்தது. கடைக்காரி கமர் ஜஹான் அதை வாங்கிப் பிரித்தாள். ஆங்கிலத்தில் இரண்டே வரி: ஜூடுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை என்னால் படிக்க முடிகிறது. கவனம்.

"நேத்து சாயங்காலம் என் பிரிண்டர்ல தானா வந்துச்சு மேடம். ஜூடுன்னு எனக்குப் பிடிச்ச ஒருத்தருக்கு எழுதினது. அந்தக் கடிதத்தை நான் இன்னும் அனுப்பவே இல்ல. என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு" என்றாள் கரோல். "என் தம்பி ஆண்ட்ரூதான் மிரட்டறான். எங்க ரெண்டு பேர் கம்ப்யூட்டரையும் வயர் போட்டு இணைச்சதே அவன்தான். நேத்துலேர்ந்து நான் அவன்கூடப் பேசல. நாளைக்கு மஸ்கட் போறான். வர ரெண்டு வருஷமாகும்."



"சந்தேகமே இல்லேக்கா. ஆத்துல வேற யாரு இருக்கா?" என்றாள் கமரின் உதவியாளர் மஹதி.

"கொஞ்சம் இரும்மா. அதுக்குள்ள விலங்கு மாட்டிட்டியே."

மூவரும் கரோலின் சாந்தோம் வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் ஆண்ட்ரூ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். உறை போட்டு மூடிய அவன் கம்ப்யூட்டரின்மேல் இஸ்திரி போட்ட சட்டைகள் கோபுரமாக நின்றன.

"இதெல்லாம் எப்பலேர்ந்து இங்க கீது?" என்று கரோலிடம் கேட்டாள் கமர்.

"மூணு நாளா. துணி வந்ததும் நான்தான் வெச்சேன்."

"இந்தக் காயிதம் வந்தப்ப நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"இன்டர்நெட்ல ஈமெயில் பாத்துட்டிருந்தேன்."

கமர், கரோலின் கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று இடங்களைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"உங்க தம்பி மிஷின் மூணு நாளா தூங்குது. இது அவர் வேலையில்ல. நீங்க சுளுவா பிரிண்ட் எடுக்கணும்னு உங்க டிஸ்க்கு, பிரிண்டர் ரெண்டையும் பாஸ்வேர்டு இல்லாம திறந்து வெச்சிருக்காரு. வீட்டுக்குள்ள அது சரி. ஆனா போன் லைன்ல இன்டர்நெட்டுக்குப் போயிட்டா நீங்க தெருவுல நிக்கறீங்க. இது வீடு, இது தெருன்னு மிஷினுக்கு நாமதான் சொல்லணும். யாரும் சொல்லல."

"அப்ப எழுதினது?" என்றாள் மஹதி.

"எங்கேயோ இருக்கற ஒரு ஆளு. கெட்டவனா இருந்தா சத்தமில்லாம படிச்சிட்டுப் போயிருப்பான். இவன் உங்க பிரிண்டர்லயே எச்சரிச்சிட்டுப் போயிருக்கான்."

போன் லைனுக்கான பகிர்வை மட்டும் கமர் நிறுத்தினாள். டிஸ்கை மூடிவிட்டு, 'வீடு' என்று ஒரு போல்டர் உண்டாக்கினாள். அது மட்டும் வீட்டு வயரில், பாஸ்வேர்டோடு திறந்திருக்கும்.

கதவோரம் ஆண்ட்ரூ நின்றிருந்தான். "நான் எதையும் படிக்கலக்கா. பூட்டத் தெரியாம வெச்சிட்டேன்."

கரோலால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எத்தனை எளிதாக அவன்மேல் பழி போட்டுவிட்டாள். மவுஸைப் பிடித்து, ஜூடுக்கு எழுதிய கடிதத்தை அவளே 'வீடு' போல்டருக்குள் இழுத்து வைத்தாள்.

"உன் மிஷினைப் போடுடா. படிச்சிட்டு, அனுப்பலாமா வேணாமான்னு நீ சொல்லு."