உறை போட்ட கருவி

பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். இந்த வாரம் முழுக்க அந்த வானொலியில் ஒரே நிகழ்ச்சிதான்: "என் ரூம்! என் ரூம்!"

பின்னே? இரண்டு அண்ணன்களோடு ஒரே அறையில் முட்டி மோதிக்கொண்டு படுத்துப் பாருங்கள், தெரியும்! அப்பா வாங்கப் பார்க்கும் வீட்டில் தரைக்குக் கீழே ஓர் அறை இருந்தது. "இந்த வீட்டை வாங்கினா அது உனக்குத்தான்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை மட்டும் பாக்கி. பரிசோதகர் வந்து, கீழ் அறையில் உள்ளங்கை அளவில் ஒரு கருவியை வைத்தார்.

"இது எதுக்கு மாமா?" என்றாள் வானொலி.

"மண்ணுக்குள்ளேர்ந்து ரேடான்னு ஒரு வாயு வரும்மா. தரை விரிசல் வழியா வீட்டுக்குள்ள நுழைஞ்சிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலுக்கு ஆபத்து. அதான் அளந்து பாக்குறோம். பச்சை விளக்கு எரிஞ்சா பயமில்ல, சிவப்பு எரிஞ்சா ஆபத்து. ஜன்னல், கதவெல்லாம் சாத்தியே இருக்கணும்."

"நான் கண்ணும் கருத்துமா பாத்துக்குறேன்" என்றார் வீட்டை விற்கவிருந்த வீட்டுக்காரர்.

அவர் தங்கமான மனிதர். பொருள்களைப் பாதுகாப்பதில்தான் கொஞ்சம் அதிகம். சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை. டிவி ரிமோட்டுக்கு உறை. குடை நனையாமல் இருக்க, குடைக்கே ஓர் உறை!

இரண்டு நாள் கழித்து எல்லோரும் மறுபடியும் வந்தார்கள். வானொலிக்குப் பொறுமை ஏது? பெரியவர்கள் வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே ஓடிவிட்டாள். அங்கே வீட்டுக்காரர் கருவியின் மேலிருந்த பாலிதீன் பையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தூசு படக்கூடாதுன்னு ரெண்டு நாளும் இறுக்கிக் கட்டி வெச்சிருந்தேன். பாரு, பளபளன்னு இருக்கு!"

வானொலிக்குத் திக்கென்றது. காற்றே படாவிட்டால் இது எதை அளந்திருக்கும்?

கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் வீடு அப்பாவுக்கு, அறை அவளுக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் இந்த அறையில்தானே தினமும் மூச்சுவிட வேண்டும்? அண்ணன்களும் இங்கேதானே வந்து விளையாடுவார்கள்?

கத்திச் சொன்னால் பாவம், எல்லோர் முன்னாலும் இவருக்கு அவமானமாகிவிடும். அவள் கிட்டே போய், வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்.

"மாமா, பைக்குள்ள இருந்தா அதுக்கு எப்படிக் காத்து போகும்?"

அவர் கை அப்படியே நின்றது. "ஐயையோ! எனக்கு இது தோணவே இல்லையே!"

"தெரியாமதானே பண்ணீங்க? நீங்களே சொல்லிடுங்க மாமா."

அதற்குள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். பச்சை விளக்கைப் பார்த்ததும் அப்பா "அப்பாடா!" என்றார்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அதை நம்பாதீங்க சார். நான் ஒரு கூத்து பண்ணி வெச்சிருக்கேன். கருவியைப் பையால மூடிட்டேன், இந்தப் பொண்ணுதான் கண்டுபிடிச்சா."

மறுபடியும் சோதனை. இந்த முறை விளக்கு சிவப்பாக எரிந்தது. "குழந்தைங்க இருக்கிற குடும்பம். வேற வீடு பாத்துடலாம்" என்றார் அப்பா. வானொலிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இதைச் சரி பண்ணவே முடியாதா மாமா?"

"ஏன் முடியாது?" என்றார் பரிசோதகர். "தரைக்கடியில குழாய் போட்டு, ஒரு விசிறி வெச்சு, வாயுவைக் கூரைக்கு மேல தள்ளிவிட்டுடலாம். அப்புறம் இன்னொரு தடவை அளந்து பாத்துட்டே வாங்குங்க."

"அதை நானே செஞ்சு தர்றேன்" என்றார் வீட்டுக்காரர் சட்டென்று.

சொன்னபடியே செய்தார். அடுத்த சோதனையில் பச்சை எரிந்தது. உறை ஏதாவது இருக்கிறதா என்று அப்பா கருவியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வானொலியைப் பார்த்தார். "கீழ் ரூம் உனக்குத்தான்!" அவள் குதித்த குதியில் மாடியே அதிர்ந்தது.

"நானும் வேற வீடு வாங்கப் போறேன் சார்" என்றார் வீட்டுக்காரர் பரிசோதகரிடம். "அங்கேயும் வந்து அளந்து பாருங்க."

"தாராளமா வர்றேன். ஆனா கருவிக்குக் காவல் நீங்க வேண்டாம். இவளை அனுப்புங்க."

"இப்பவே போலாமா?" என்று வாசலிலிருந்து வானொலியின் குரல் கேட்டது.